சங்கரா தின்ன ஊரு

கொல்லாந்துறையில அந்தச் சங்கரா மீனு வந்து எறங்கின அன்னைக்கு யாரும் வாயைப் பொளக்கல, ஏன்னா கடல்ல இருந்து வர்றதைப் பாத்து வாயைப் பொளக்கிறது அந்த ஊருல மரியாதைக் கொறச்சல். ஒரு தடவை கடலாமை ஒண்ணு கரையேறி வந்து ரேசன் கடை வரிசையில மண்ணெண்ணெய்க்கு நின்னப்பகூட, பின்னாடி நின்ன பொம்பளை "நவுந்து நில்லு"ன்னு சொன்னதோட சரி. அதனால, தாசையன் போட்டுல இருந்து எறக்கின சங்கரா துறைமுகத்து மேடையில விழாம, மேடைக்கு மேல முழங்கால் ஒசரத்துல அந்தரமா நின்னப்ப, ஏலம் போடுற ஆளு சொன்னதெல்லாம், அதோட வால்ல ஒரு கயித்தைக் கட்டுங்கப்பா, காத்தடிச்சா பக்கத்து ஊரு ஏலத்துக்குப் போயிரும்னுதான்.

இது மார்க்கெட்டுல கூறு கட்டி விக்கிற சங்கரா இல்ல, ஆழத்துச் சங்கரா. வெயிலு எறங்கி எறங்கிப் பாத்துட்டு, இதுக்கு மேல நம்மால ஆகாதுன்னு திரும்பிப் போயிடுற ஆழத்துல, பாறைச் சரிவுல, கூட்டங்கூட்டமாக் கெடக்குறது. மேல வந்தா மொளகாப்பழம் மாதிரிச் செவப்பு, ஆனா அந்த இருட்டுல செவப்பு கறுப்பாத்தான் தெரியும், அதனால தான் இம்புட்டுச் செவப்புன்னு தூண்டில்ல மாட்டுற வரைக்கும் அதுக்கே தெரியாது. கண்ணு மட்டும் இருட்டையே பாத்துப் பாத்துப் பெருத்துப்போன கண்ணு. அவசரமே கெடையாது அதுக்கு, மெதுவா வளரும், மனுசன் வயசுக்குக் கெடக்கும். அத சரசரன்னு இழுத்தா, அங்க அமுக்கிக்கிட்டிருந்த தண்ணிப் பாரம் விட்டுப்போயி, உள்ள இருக்கிற காத்துப்பை ஊதிப் பெருத்து, வயிறு வாய் வழியா வெளிய தள்ளி, கண்ணு பிதுங்கித்தான் வந்து சேரும். குட்டி மீனுன்னா திருப்பி விடணும்னு போட்டுக்காரங்க பக்கச் செட்டைக்குப் பின்னாடி ஊசியால ஒரு குத்து குத்துவாங்க, 'புஸ்'ஸுன்னு காத்துப் போகும், மீனு பேசாம கீழ எறங்கிரும்.

அந்த மீனைத் தராசுல வெச்சா முள்ளு பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் போயி நின்னுச்சு. கனமே இல்லாத மீனை எந்த யாவாரி எடுப்பான்? தாசையனுக்கு ரெண்டு வேலை, போட்டு முதலாளியும் அவருதான், ஊர்க் கமிட்டித் தலைவரும் அவருதான். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னாடி தொண்டையில எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுற மாதிரி ஒரு கனைப்பு இருக்கும். "க்ஹூம், நான் என்ன சொல்றேன்னா, க்ஹூம், விக்காத மீனு மாதாவுக்கு"ன்னு சொல்லி, மறுநாள் திருவிழாச் சாப்பாட்டுக்கு அதை வெட்டிக் குழம்பு வெக்கச் சொல்லிட்டாரு. அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்னைக்கு யாரு கரண்டியில வந்தாலும் வேண்டாம்னு சொல்லக்கூடாது, பேச்சுவார்த்தை இல்லாதவன் வெளம்பினாலும் எலையை நீட்டணும்.

கித்தேரிக்கு வெளம்பினது தாசையன்.

கித்தேரி தலைச்சுமடா மீனு விக்கிறவ. அவ புருசன் வியாகுலன் போன வருசம் இதே தாசையன் போட்டுல இதே ஆழத்துப் பாறைக்குப் போனவன், வரல. அந்தக் கரையில ஒரு முறை இருக்கு, ஆளு தண்ணியில விழுந்தா மொத வேலை கத்தியை எடுத்துக் கயித்தை அறுக்கணும், ஏன்னா மைல் கணக்குல தூண்டிக் கயிறு தொங்கிக்கிட்டிருந்தா போட்டு திரும்பாது. கயிறு போனா போகட்டும், ஆளைத் தேடு, அம்புட்டுதான். அன்னைக்குப் போட்டு வந்தப்ப ஊரே ஆளுங்க மூஞ்சியைப் பாத்துச்சு, கித்தேரி கயித்தைப் பாத்தா. கயிறு முழுசா, சுருள் சுருளா, அழகா அடுக்கி இருந்துச்சு. ஐஸ் பெட்டி மூடி மூடாத அளவுக்கு மீனு. "கயிறு ஏன் முழுசா இருக்கு?"ன்னு அவ கமிட்டியில கேட்டா. அவன் எப்ப விழுந்தான்னு ஒருத்தரும் பாக்கல, கடலு எடுத்துக்கிச்சுன்னு தாசையன் கனைச்சாரு. கமிட்டி மொத்தமும் கனைச்சுச்சு. விழுங்கிக்க பிள்ளா, ஊருன்னா ஒண்ணு, விழுங்கிக்கன்னாங்க. கித்தேரி விழுங்கினா. வியாகுலனோட தம்பி லூக்காசும் அந்தப் போட்டுலதான் இருந்தான், அன்னையில இருந்து அவன் 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை பேசல, சுகமான்னு கேட்டாலும் 'ம்', உன் வீடு தீப்பிடிச்சிருக்குன்னாலும் 'ம்'.

அப்படியாப்பட்ட தாசையன் கரண்டியில வந்த மீனை, வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, கித்தேரி தின்னா. ஊரே தின்னுச்சு. விடிஞ்சப்ப ஊரு மேல கெளம்பிருச்சு.

எல்லாரும் ஒரே ஒசரமில்ல. அவங்கவங்க உள்ள அமுக்கி வெச்ச அளவுக்கு வயிறு உப்பி, காலு தரையை விட்டுச்சு. பாதர் ஒரு சாண் எழும்பினாரு, பிஷப்பு வீட்டுல இருந்து வந்த ஏதோ ஒரு மாத்தல் உத்தரவை அவரு சிரிச்ச மூஞ்சியா வாங்கியிருக்காருன்னு அப்பதான் ஊருக்குத் தெரிஞ்சுச்சு, பூசையில நன்மை அப்பம் குடுக்கக் குனிஞ்சு குனிஞ்சு அவருக்கு இடுப்பு போச்சு. ரேசன் கடைக்காரர் மேசை ஒசரம். ஆம்பளைங்க பொதுவா தாழத்தான் நின்னாங்க, அவங்க கோவத்தை அப்பப்ப வீட்டுக்குக் கொண்டுபோயி எறக்கி வெச்சுட்டிருந்தாங்க. அது எறங்கின இடமெல்லாம், அதான் பொம்பளைங்க, ஓட்டுல போயி முட்டுனாங்க. மாமியாரு சொல்லுக்கு மறுசொல்லு சொல்லாத மருமகள்னு பேரெடுத்த ஒருத்தி ஃபேனுக்கு மேல போயி மாட்டிக்கிட்டா, மாமியாரு கீழ இருந்து, "அப்படியே அந்த ஒட்டடையை அடிச்சிரு"ன்னு சொன்னாளாம், அவ இன்னும் ஒரு முழம் மேல போனாளாம்.

ஊரு ரெண்டு மூணு நாளுல பழகிருச்சு. சேலை முந்தியில அம்மிக் குழவியைக் கட்டிக்கிட்டுத் தண்ணிக்குப் போனாங்க. வீட்டு முத்தத்துக்கு மேல பழைய வலையை விரிச்சுக் கட்டினாங்க, யாரும் தூக்கத்துல கெளம்பிப் போயிரக்கூடாதேன்னு. பஸ்சு கண்டக்டர், காலு தரையில படாதவங்களுக்கு என்ன டிக்கெட்டு போடணும்னு டிப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டான். கித்தேரி கூரைக்கு மேல பனையோலை ஒசரத்துல நின்னா, காலுல கட்டின கயிறு அவ வீட்டுத் திண்ணைக் கல்லுல. லூக்காசுதான் எல்லாருக்கும் மேல. சர்ச்சு கோபுரத்துச் சிலுவைக்கும் மேல, நங்கூரக் கயித்து நுனியில, பட்டம் மாதிரி.

தரையில நின்ன ஒரே ஆளு தாசையன். ரெண்டு துண்டு தின்னவரு, பாதம் பதிய நடந்தாரு. "க்ஹூம், நான் என்ன சொல்றேன்னா, மனசுல ஒண்ணுமில்லாதவன் தரையில நிப்பான்"னாரு. உண்மைதான். வியாகுலன் விசயம் அவரு மனசுல ஒரு நாளும் அமுக்கி வெக்கல, அமுக்கி வெக்கிறதுக்கு அது மொதல்ல உள்ள போயிருக்கணுமே.

இப்படியே எத்தனை நாளைக்கு, போட்டுக்கு ஆளு வேணுமே? கமிட்டி கூடுச்சு. மீனு பிடிக்கிறவங்க கூடினா மீனுக்குச் செய்யிறதைத்தானே மனுசனுக்கும் செய்வாங்க, உப்பினதுக்கு ஊசின்னு முடிவாச்சு. மெடிக்கல்ல இருந்து கனத்த ஊசி வாங்கி, ஏலக் கொட்டகையில பெஞ்சு போட்டு, ஊருலயே நல்லாக் குத்துற கை தாசையன் கைதான்னு அவரையே உக்கார வெச்சாங்க. கையைத் தூக்கச் சொல்லி, விலாவுல ஒரு குத்து. 'புஸ்'ஸு. வர்ற காத்து ஐஸ் மாதிரி இருக்கும், ஆழத்து வாடை அடிக்கும், அதுக்குள்ள சின்னதா ஒரு குரலும் இருக்கும், எத விழுங்கினாங்களோ அது. ஒட்டடை மருமகள் காத்துல "நீயே அடிச்சுக்க"ன்னு ஒரு கீச்சுக்குரல் வந்துச்சு, வந்து, காத்தோட போயிருச்சு. அவ தரையில எறங்கி, மாமியாரைப் பாத்துச் சிரிச்சுட்டு, ஒட்டடைக் கம்பு எங்கன்னு கேட்டா.

கித்தேரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ரோணிக்கம், கூட மீனு விக்கிறவ, சண்டைன்னா இடுப்புல சேலையைச் செருகிட்டு நிக்கிறவ, அவளும் ஊசி குத்திக்கிட்டு வந்தா. முந்தின நாள் அவ புருசன் அடிச்சதுல ஒரு கண்ணு கத்திரிக்காயாட்டம் வீங்கிக் கெடந்துச்சு. அவ வீட்டு வாசல்ல நின்னு, கையில கண்ணாடியை வெச்சுக்கிட்டு, மேல பாத்துக் கேட்டா.

"எக்கா, என் கண்ணுல என்னமோ வீக்கமா இருக்கே, பூச்சி கடிச்சிருக்குமோ?"

கேட்டுட்டு, புருசனுக்குப் பிடிக்கும்னு கணவா வாங்கப் போனா. அதைப் பாத்துட்டுக் கித்தேரிக்கு வந்த கோவத்துல கயிறு விண்ணுன்னு இழுத்து, திண்ணைக் கல்லு ஒரு விரக்கடை நகந்துச்சு.

அவ மட்டும் ஊசிக்குப் போகல. பாதர் அவரு ஒரு சாணை எறக்கிட்டு வந்து, கோவம் பாவம்னு தேன் தடவின குரல்ல சொல்லிப் பாத்தாரு. "யாரு பாவம் பாதர்?"னு அவ மேல இருந்து கேட்டா, அவரு குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. காத்து எறக்காதவ ஏலத்துல மீனு எடுக்கக்கூடாதுன்னு கமிட்டி சொல்லுச்சு, யாவாரிங்க தலைக்கு மேல பொம்பளை நின்னா ஏலம் சரியா ஓடமாட்டேங்குதாம். அவளுக்குக் கூடையும் போச்சு, சோறும் போச்சு. ஆனாலும் எறங்கல. அவ பயம் வேற. புருசன் உடம்பு வரல, வீட்டுல அவன் சட்டைகூட கடலுக்குப் போட்டுட்டுப் போனதுபோக ஒண்ணுதான் மிச்சம். கயிறு ஏன் முழுசா இருக்குன்னு கேக்குற அந்தக் கோவம் ஒண்ணுதான் அவன் செத்ததுக்கு இருக்கிற சாட்சி. அதையும் 'புஸ்'ஸுன்னு விட்டுட்டு, நாளைக்குத் தாசையனைப் பாத்துச் சிரிச்சு, "மொதலாளி, சங்கரா என்ன விலை?"ன்னு கேட்டு நின்னா? அதுக்கு வானத்துல பட்டினி கெடக்கலாம்.

கடைசியா லூக்காசை எறக்க நாள் குறிச்சாங்க. அவன் நின்ன ஒசரத்துக்குக் கையால இழுத்தா முடியாது, அதனால தாசையன் போட்டுல தூண்டிக் கயிறு சுத்துற விஞ்சுல அவன் நங்கூரக் கயித்தைக் கோத்து, மோட்டாரைப் போட்டாங்க. ஊரே துறைமுகத்துல கூடி நின்னுச்சு, எல்லாரும் குத்திக்கிட்டவங்க, எல்லாரு மூஞ்சியிலயும் ஒரே மாதிரி அரைச் சிரிப்பு. கித்தேரி தன் கயித்தைத் திண்ணைக் கல்லுல இருந்து அவுத்து, ஓடு ஓடாப் பிடிச்சு, கம்பிக்குக் கம்பி தாவி வந்து, ஏலக் கொட்டகைக் கூரையில அதைக் கட்டிக்கிட்டு மேல நின்னா. விஞ்சு சுத்தச் சுத்த லூக்காசு கீழ வர்றான், கண்ணு பிதுங்கி, வாயில ஏதோ அடைச்ச மாதிரி. கீழ ஊசியோட தாசையன். அவன் இவ ஒசரத்துக்கு வந்தப்ப கித்தேரி அவன் சட்டையைப் பிடிச்சுட்டா.

"லூக்காசு, அவன் குத்துறதுக்கு முன்னாடி சொல்லு. கயித்தை ஏன் அறுக்கல?"

'ம்'முன்னான்.

"உங்கண்ணன் கத்துனாரா?"

விஞ்சு ஓடுது, அவ பிடி நழுவுது. லூக்காசு வாயைத் தொறந்தான். ஒரு வருசமா மூடிக் கெடந்த வாயி, தொறக்கும்போது சத்தம் வந்துச்சு.

"கத்துனாரு மைனி. என் பேரைச் சொல்லித்தான் கத்துனாரு. பட்டப்பகல். நாங்க எல்லாரும் பாத்தோம். மீனு அப்பதான் அள்ளிக்கிட்டுக் கடிக்குது. மொதலாளிதான், 'கயித்தை இழுத்து முடிங்க, அவனுக்கு நீந்தத் தெரியும்'னாரு. கத்தி என் கையில இருந்துச்சு மைனி. நான் அறுக்கல."

சொல்லி முடிச்சதும் அவனை யாரும் இழுக்க வேண்டியதாப் போகல. விஞ்சு சும்மாச் சுத்துது, கயிறு தொளதொளன்னு தொங்குது, அவன் பாட்டுக்குக் கீழ வந்து மேடையில நின்னான், நின்ன இடத்துல சிமெண்டு விரிஞ்சுச்சு. வயித்துல உப்பல் இல்ல. கோவம் மட்டும் அப்படியே இருந்துச்சு, மொத்தமும் தன் மேலயே. அவன் கையை விரிச்சு, கத்தி பிடிச்ச அந்த உள்ளங்கையையே பாத்துக்கிட்டு நின்னான்.

ஊரு என்ன செஞ்சுச்சு தெரியுமா? ஊரு தலையாட்டுச்சு. அப்படியா, பாவம்னுச்சு. நல்ல மனுசன் வியாகுலன்னு ஒருத்தர் சொன்னாரு, ஆமா நல்ல மனுசன்னு இன்னொருத்தர் சொன்னாரு, வெயிலு ஏறுதேன்னு ஒருத்தி சொன்னா. காத்து எறங்கினவங்ககிட்ட வேற என்ன இருக்கும்? ரோணிக்கம் வீங்கின கண்ணோட அண்ணாந்து பாத்து, "எக்கா, சாப்பிட்டியா?"ன்னு கேட்டா. தாசையன் கனைச்சுக்கிட்டு ஊசியைத் தொடைச்சாரு.

அப்பதான் கித்தேரி வாயைத் தொறந்தா. கனைக்கல, கும்பிடல, ஊருன்னா ஒண்ணுன்னு சொல்லல. புருசன் கத்துன சத்தம் கேட்டும் கயித்தைச் சுருட்டுன கைகளையும், அந்தக் கை பிடிச்ச மீனை ஏலம் எடுத்த கூடைகளையும், அந்தக் கூடையைச் சுமந்த தன் தலையையும், அந்த மீனைத் தின்ன வாய்களையும், விழுங்கு விழுங்குன்னு சொன்ன கமிட்டியையும், கும்பிட்டுக்கிட்டே வேடிக்கை பாத்த பாதரையும், பொண்டாட்டி கண்ணுல கோவத்தை எறக்கி வெச்சுட்டுக் கடலுக்குப் போற வீரனுங்களையும், குத்தக் கொடுத்துட்டுக் கணவா வாங்கப் போனவளையும், பேரு சொல்லி, வீட்டுப் பேரு சொல்லி, ஒருத்தரையும் விடாம அவ ஏசுனா. ஏசுன ஒவ்வொரு ஏச்சுக்கும் அவ ஒரு முழம் கீழ எறங்குனா. கடைசி ஏச்சு தாசையனுக்கு; அதை எழுத முடியாது, எழுதினா தாளு கிழிஞ்சிரும். அது முடிஞ்சப்ப அவ தரையில இல்ல, மேடை ஓரத்துல கட்டியிருந்த தாசையன் போட்டுக்குள்ள எறங்கி நின்னா. நின்னு, போட்டு முன்பக்கத்து அணியத்துல, கால் நீட்டி, உக்காந்தா.

போட்டு ஒரு அடி தாழ்ந்துச்சு.

எந்திரின்னாங்க. எந்திரிக்கல. எட்டுப் பேரு தூக்கிப் பாத்தாங்க, சேலை நுனியைக்கூட நகத்த முடியல. விழுங்கின கோவந்தான் மெதக்கும் போல, சொன்ன கோவத்துக்கு அம்புட்டுக் கனம். தாசையன் ஊசியோட வந்து விலாவுல குத்துனாரு, ஊசி கொக்கி மாதிரி வளைஞ்சுச்சு. எஞ்சினைப் போட்டாங்க, பொகை வந்துச்சு, போட்டு அசையல. சரி, பசிச்சா எந்திரிப்பான்னு விட்டாங்க, ஊரு அதுக்கும் பழகிருச்சு. போட்டுல பொம்பளை உக்காந்திருக்கா, பாத்துப் போங்கன்னு மத்த போட்டுக்காரங்க ஒதுங்கிப் போனாங்க. லூக்காசு தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டுவந்து, எறங்கத் தைரியமில்லாம மேடையில வெச்சுட்டுப் போவான். அவ அதைத் தொடல. மன்னிப்பு கஞ்சியில வராதுன்னு சொல்லிட்டா.

ஊசி குத்தினா காத்துதான் போகும், அடிக்கிற கை எங்கயும் போகல. ஒரு காலையில ரோணிக்கம் வந்தா, மத்தக் கண்ணும் வீங்கி. கணவாக் குழம்புல உப்பு கூடிப்போச்சாம். மேடையில நின்னு கித்தேரியைப் பாத்தா. அப்புறம் சேலையை இடுப்புல செருகினா.

"எக்கா, இது பூச்சி இல்லக்கா."

"இல்ல பிள்ளா. வா, உக்காரு."

ரோணிக்கம் புருசன் பேரைச் சொல்லி நல்லா நாலு ஏச்சு ஏசிட்டு எறங்கி உக்காந்தா, போட்டு இன்னொரு அடி தாழ்ந்துச்சு. ஒட்டடை மருமகள் கம்போட வந்தா. ரேசன் கடையில கால் கடுக்க நின்னவளுங்க வந்தாளுக. ஒவ்வொருத்தியும் வந்து தன் ஏச்சை ஏசி முடிச்சு உக்கார, தண்ணி போட்டு வெளிம்பைத் தொட்டுச்சு, ஐஸ் பெட்டி மெதந்துச்சு, எஞ்சின் ரூமுக்குள்ள களக் களக்குன்னு போக ஆரம்பிச்சுச்சு.

தாசையன் ஓடி வந்தாரு. கனைப்பு மறந்துபோச்சு அவருக்கு. அணியத்துக்குப் பக்கத்துல மேடையில மண்டி போட்டு, கித்தேரி காதுல மெதுவா ஒத்துக்கிட்டாரு. "எனக்கு எப்பவோ தெரியும், ஊருக்குத்தான் கேக்கல"ன்னு சொன்னா அவ. அவரு எந்திரிச்சு நின்னு, துறைமுகம் முழுக்கக் கேக்குற மாதிரிச் சொன்னாரு.

"நாந்தான் அறுக்க வேண்டாம்னேன். அவன் கத்துறது கேட்டுச்சு. நாந்தான் வேண்டாம்னேன். போதுமா? போட்டு முங்குது, எந்திரி தாயே."

ஏலம் போடுற ஆளு பாதியில விட்டுட்டு எட்டிப் பாத்தான். அரைச் சிரிப்போட நின்ன மூஞ்சியில ஒண்ணு ரெண்டு மாறுச்சு, அப்புறம் இன்னும் சிலது. ஒருத்தன் கையில இருந்த கூடையைக் கீழ வெச்சான்.

கித்தேரி அவரை நிமுந்து பாத்தா.

"நீ போட்டுக்காகச் சொல்ற"ன்னா. ஆனாலும் எந்திரிச்சா. பொம்பளைங்க எல்லாரும் எந்திரிச்சு, நனைஞ்ச சேலையைப் பிழிஞ்சுக்கிட்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சு மேடைக்கு ஏறுனாங்க. பாரம் போச்சு, போட்டு இனி எழும்பும்னு தாசையன் பாத்துக்கிட்டே நின்னாரு. போட்டு எழும்பல. அது அவசரமே இல்லாம, ஒரு பக்கமாச் சாஞ்சு, கொடிக்கம்பம் வரைக்கும் எறங்கிப் போச்சு, அடுக்கி வெச்ச கயிறு சுருள் சுருளா மேல வந்து அவரு காலடியில மோதுச்சு.

பொம்பளைங்க அவரை வெலகிச் சுத்திக்கிட்டு நடந்தாங்க. ரோணிக்கம் கேட்டா, இப்ப உனக்குக் கோவம் போச்சாக்கா?

"போகல"ன்னா கித்தேரி. "பசிக்குது. வா, மொதல்ல கூடையை எடுப்போம்."